கண்ணாடிக் கடலும் காப்பவர் கடனும்

அறிந்தே ஓர் உயிருக்குத் தீங்கு செய்வது இம்சை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், நாம் எண்ணாத வேளையில், நம் பொறுப்பில் உள்ள உயிர்கள் ஓரிரு இரவுகளில் கூட்டமாக மாண்டுபோனால் அதனை என்னென்று சொல்வது? எஞ்சிப் பிழைத்த உயிர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது? வெறுமையாகிப்போன இடத்தைப் புதிய உயிர்களைக் கொண்டு நிரப்புவது பரிகாரம் ஆகுமா, முன் நிகழ்ந்த தீங்கின் தொடர்ச்சி ஆகுமா? இம்மூன்று வினாக்களையும் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

இவ்வினாக்களை நம்மிடம் எழுப்பியவர் நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர். திருமணத்திற்குப்பின் அமெரிக்க நாட்டின் டெக்ஸாஸ் மாநிலத்தில் குடும்பத்துடன் வாழ்கிறார். அவர்தம் கணவரும் மகனும் ஆறாண்டுகளாக வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டியைப் பேணி வந்தனர். அதில் பவளங்களும், கோமாளி மீன்கள் இரண்டும், மஞ்சள் நிற மீன் ஒன்றும், இறால்களும், நத்தைகளும் வாழ்ந்தன. 2021 பிப்ரவரியில் அம்மாநிலத்தில் வீசிய பனிப்புயலில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மூன்று இரவுகள் கழிந்து விளக்கெரிந்தபோது ஒரு கோமாளி மீனும், சில நத்தைகளும், நிறமிழந்த இரண்டொரு பவளக் கிளைகளுமே எஞ்சியிருந்தன. 'டீச்சர், இதை மறுபடியும் நிரப்பலாமா, அல்லது தொட்டியையே அப்புறப்படுத்திவிடலாமா? எது அறம் என்று எனக்குத் தெரியவில்லை' என்று அவர் எழுதியிருந்தார். அவருக்கு எழுதிய விடையின் விரிவே இக்கட்டுரை.

தொட்டியின் இயல்பு

கடல்நீர்த் தொட்டியை நன்னீர் மீன்தொட்டியோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. இதில் ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருத்தல் வேண்டும். வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவதற்கு நீரில் கால்சியமும் காரத்தன்மையும் குறையாதிருக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே, குறைந்த நீரை ஈடுசெய்ய உப்புநீரை ஊற்றினால் நாளடைவில் தொட்டி கரித்துவிடும். அன்றாடம் நன்னீரையே சேர்த்தல் வேண்டும். கடலில் காற்றும் அலையும் கதிரவனும் கேளாமலே செய்துவரும் பணிகளை இங்கே பம்புகளும் விளக்குகளும் சூடேற்றிகளும் செய்கின்றன.

இவற்றினும் பெரிய பணியைச் செய்வோர் கண்ணுக்குப் புலப்படாதவர். மீன்களின் கழிவிலிருந்தும் அழுகிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. தொட்டியில் உள்ள பாறைகளின் நுண்துளைகளில் வாழும் நுண்ணுயிர்களில் ஒருவகை அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றுகிறது. விலை கொடுத்து வாங்கிய அழகிய மீன்களைக் கணக்கிட்டு வைப்போர் பலர். அம்மீன்களை உயிரோடு வைத்திருக்கும் இந்த எண்ணற்ற சிற்றுயிர்களைக் கணக்கில் வைப்போர் மிகச் சிலர். சைன மரபில் வந்த நமக்கு இச்செய்தி புதுமையன்று. கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் நீரிலும் மண்ணிலும் நிறைந்துள்ளன என்று நம் முன்னோர் ஓதி வந்தனர். பவளத்தையும் அவர்கள் மண்ணை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களுள் வைத்து எண்ணினர். இன்றைய உயிரியலோ பவளத்தை விலங்கு என்று வகுக்கிறது. வகுப்பு மாறினும், அஃது உயிர் என்பதில் இரு தரப்பாரும் ஒன்றுபடுகின்றனர்.

மரணம் தொடர்ந்த முறை

மின்சாரம் நின்றவுடன் நீரோட்டம் நின்றது. நீரின் மேற்பரப்பு அசையாதபோது பிராணவாயு உட்கலப்பது குறைகிறது. பெரிய மீன்களே முதலில் மூச்சுத்திணறின. வீடு குளிர்ந்தது, நீரும் குளிர்ந்தது. வெப்பக் கடலுக்குரிய உயிர்கள் ஒவ்வொன்றாய் விறைத்தன. ஓருயிரின் உடல் அழுகும்போது அம்மோனியா பெருகிற்று. அதனை மாற்றவேண்டிய நுண்ணுயிர்களும் குளிராலும் பிராணவாயுக் குறைவாலும் சோர்ந்திருந்தன. இவ்வாறு முதல் மரணம் இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் காரணமாயிற்று.

இதில் கருத்தக்க ஒரு நுட்பம் உண்டு. நீர் மூச்சடைத்துக் கிடக்கும்போது கரியமிலவாயு தேங்கி, நீரின் காரத்தன்மை தாழ்கிறது. அந்நிலையில் அம்மோனியாவின் நச்சு சற்று அடங்கியிருக்கும். மின்சாரம் திரும்பிக் காற்றுப் பாய்ந்து, நீர் சூடேறியதும் அதே அம்மோனியா கடுநஞ்சாகிறது. ஆகவேதான், மூன்று இரவுகளைத் தாங்கிய சில உயிர்கள், 'இனி அச்சமில்லை' என்று வீட்டார் பெருமூச்சு விட்ட அன்று மாண்டன. ஆபத்து நீங்கிய நாளே காப்பவர் மிகவும் விழித்திருக்க வேண்டிய நாள்.

பொறுப்பு யாருடையது?

'புயல் வந்தது, மின்சாரம் போயிற்று, நாம் என் செய்வோம்?' என்று கேட்கலாம். அப்புயலில் டெக்ஸாஸில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் நிறுவனங்களும் இருளில் ஆழ்ந்தன. மனிதர்களும் பலர் மாண்டனர். அம்மாநிலக் கடலோரத்தில் குறைந்தது 38 இலட்சம் மீன்கள் குளிரால் இறந்ததாக அரசுத்துறை கணக்கிட்டது. கடலே தன் மீன்களைக் காக்க இயலாதபோது, ஒரு வீட்டுத் தொட்டியின் இழப்புக்கு எவரைக் குறை கூறுவது?

இந்த வாதத்தில் ஒரு பாதி உண்மை. இயற்கையில் இத்தகைய அழிவுகள் நேர்வதுண்டு. டெக்ஸாஸ் கடற்கரையிலிருந்து நூறு மைல் அளவு தொலைவில், மெக்சிகோ வளைகுடாவில் 'ஃபிளவர் கார்டன்' என்னும் பவளத்திட்டுகள் உள்ளன. 2016 ஜூலையில் அங்கு முக்குளிக்கச் சென்றோர், கிழக்குத் திட்டின் ஒரு பகுதியில் நீர் கலங்கிப் பச்சையாக இருப்பதையும், பவளங்களும் கடற்பஞ்சுகளும் வெண்படலம் மூடி மடிந்து கிடப்பதையும் கண்டனர். பிராணவாயுக் குறைவே முதன்மைக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அங்கே குற்றம் சாட்டப்பட ஒரு வீட்டுக்காரர் இல்லை.

ஆயினும், வாதத்தின் மறுபாதி நிற்காது. வளைகுடாவின் மீன் கடலின் மீன். தொட்டியின் மீனோ ஒருவர் எடுத்துவந்து வைத்த மீன். அது குளிரைக் கண்டு ஆழத்திற்குச் செல்ல இயலாது. மூச்சு முட்டினால் வேறிடம் தேட இயலாது. அதன் தப்பிக்கும் வழிகள் அனைத்தையும் நான்கு கண்ணாடிச் சுவர்களால் அடைத்தவர், அவ்வழிகளுக்கு ஈடாகத் தம்மையே வைத்தவராகிறார். டெக்ஸாஸில் 2011 பிப்ரவரியிலும் கடுங்குளிரால் மின்வெட்டு நிகழ்ந்ததுண்டு. மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருந்திருப்பின், மீன்கள் சில மணி நேரமேனும் மூச்சுவிட்டிருக்கும். மீன் வாங்கிய செலவில் அது மிகச் சிறு பகுதியே.

இல்லறத்தார் செய்யும் இம்சையை நம் அறநூல்கள் நான்காக வகுத்துள்ளன. கருதியே செய்வது சங்கல்பி. சமையல், துப்புரவு முதலிய இல்லத் தொழில்களில் நேர்வது ஆரம்பி. பிழைப்புத் தொழிலில் நேர்வது உத்தியோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். இல்லறத்தில் முற்றும் விலக்க இயலாமைபற்றி அவற்றிற்கு ஓரளவு இடம் தரப்பட்டது. இனி நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. அழகுக்காக வைத்த தொட்டி இவற்றுள் எதில் அடங்கும்? அஃது உணவுக்கன்று, பிழைப்புக்கன்று, காப்புக்குமன்று. கண்ணின் இன்பத்திற்கே. ஆகவே, 'இல்லறத்தில் தவிர்க்க இயலாதது' என்னும் சலுகையை இங்கே கோர இயலாது. கொல்லும் எண்ணம் இல்லாமையால் இது சங்கல்பியும் அன்று. ஆனால் நம் நூல்கள் இம்சையின் வேராகச் சுட்டுவது பிரமாதத்தை, அதாவது சோர்வையும் மறதியையும். வள்ளுவர் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தேவையின்றி ஏற்றுக்கொண்ட பொறுப்பில் சோர்வுக்கு இடம் மிகக் குறைவு.

இவ்வாறு சொல்வது அக்குடும்பத்தாரை வருத்துவதற்கன்று. குற்ற உணர்ச்சியில் அமிழ்ந்துபோவதும் ஒருவகைச் சோர்வே. மெக்சிகோ வளைகுடாக் கரையில் கார்ப்பஸ் கிறிஸ்டி என்னும் நகரில் டெக்ஸாஸ் மாநில மீன்காட்சியகம் உள்ளது. 2015 ஏப்ரலில் ஒட்டுண்ணிகளை ஒழிக்க நீரில் ஒரு மருந்தைக் கலந்தபின், அங்கே ஏறத்தாழ 400 உயிர்கள் மாண்டன. கலத்தின்மேல் ஒட்டியிருந்த பெயருக்குரிய மருந்து அதனுள் இல்லை என்பதும், இருந்தது ஹைட்ரோகுவினோன் என்னும் வேறொரு வேதிப்பொருள் என்பதும் பின்னர்ச் சோதனையில் தெரிந்தன. காட்சியகத்தார் அதனை மறைக்காமல் பொதுமக்களுக்கு அறிவித்தனர். ஆறாண்டுகளுக்குப்பின், 2021-இன் குளிரில் டெக்ஸாஸ் கரையோரத்தில் 12,000-க்கும் மேற்பட்ட கடலாமைகள் விறைத்து மிதந்தபோது, நூற்றுக்கணக்கான ஆமைகளை ஏற்றுப் பேணிய இடங்களுள் அதுவும் ஒன்று. பழைய இழப்பை இத்தொண்டு அழித்துவிட்டது என்று நாம் கூறவில்லை. இழப்புக்குப்பின் செய்வதற்குப் பணி உண்டு என்றே கூறுகிறோம்.

எஞ்சிய உயிர்கள்

நடந்ததை ஒளிக்காமல் எடுத்துரைப்பது ஆலோசனை. அதினின்றும் மீள்வது பிரதிக்கிரமணம். இனிச் செய்யேன் என விலக்குவது பிரத்தியாக்கியானம். தொட்டியை மீட்பதிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். முதலில் உண்மையை அறிய வேண்டும். அம்மோனியா, உப்பின் அளவு, வெப்பம் ஆகியவற்றை அளந்து ஏட்டில் குறிக்க வேண்டும். இறந்த உடல்களைத் தேடி அகற்ற வேண்டும். பாறை இடுக்கில் கிடக்கும் ஒரு சிறு நண்டின் உடல்கூட நஞ்சைப் பெருக்கும். நீரின் மேற்பரப்பு ஓயாது அசையுமாறு காற்றூட்ட வேண்டும். பிழைத்தவற்றை, தூய கடல்நீர் நிரப்பிய வேறு கலத்தில் வைப்பது நலம். அந்நீரின் உப்பும் வெப்பமும் பழைய நீரோடு ஒத்திருக்க வேண்டும்.

இங்கே மூன்று தவறுகள் நேர்வது வழக்கம் என்று அனுபவம் உடையோர் கூறுவர். ஒன்று, அருவருப்பினால் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்தல். பாறைகளை நன்னீரில் தேய்த்துக் கழுவினால், எஞ்சியிருக்கும் நுண்ணுயிர்களும் மாண்டு, மீட்சிக்கான வித்தே அழிந்துவிடும். இரண்டாவது, பதற்றத்தினால் மருந்துகளை ஊற்றுதல். செம்பு கலந்த மருந்து மீனின் ஒட்டுண்ணியை நீக்கும். ஆனால் நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்திற்கும் அது நஞ்சு. மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் சீராக்க முயலுதல். குளிரால் விறைத்த ஆமையைச் சட்டென்று சூடேற்றலாகாது, படிப்படியாகவே வெப்பத்திற்குக் கொணர வேண்டும் என்பது ஆமைகளை மீட்போர் பின்பற்றும் விதி. தொட்டிக்கும் அதுவே பொருந்தும். நீரைச் சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். நச்சுப் பொருள்களை ஈர்க்கும் கரியை வடிகட்டியில் இடவேண்டும். பிறகு பொறுத்திருக்க வேண்டும்.

பொறுத்திருத்தல் எளிதன்று. நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகி அம்மோனியாவும் நைட்ரைட்டும் முற்றும் ஒழிவதற்குச் சில வாரங்கள் ஆகும். முதலில் பழுப்புப் படலம் கண்ணாடியில் படியும். பின்னர்ப் பச்சைப்பாசி மயிர்போல் வளரும். காண்பவர், 'தொட்டி கெட்டது' என்பர். உண்மையில் அது உயிர்களின் சமநிலை மீண்டும் அமைந்துவரும் வழியில் தோன்றும் ஒரு கட்டமே. பிழைத்த நத்தைகள் பாசியை மேயும். பல மாதங்கள் சென்றபின் பாறைகளில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்தால், நீர் நலம்பெற்றது என்பதற்கு அஃது ஓர் அறிகுறி.

பவளத்தைப் பற்றி ஒரு செய்தியை விரிவாகச் சொல்ல வேண்டும். பவளத்தின் தசையினுள் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. துன்பம் மிகும்போது பவளம் அவற்றை இழந்து வெளுத்துவிடுகிறது. வெளுத்த பவளம் இறந்த பவளம் அன்று. தசை உயிரோடிருப்பின், நிலைமை சீரானபின் அப்பாசிகள் மீண்டும் பெருகக்கூடும். கூடு வெறுமையாகத் தோன்றினும், ஓர் ஓரத்தில் இரண்டு மூன்று மொட்டுகள் எஞ்சியிருந்தால் அவற்றிலிருந்தே தசை மீண்டும் படர்வதுண்டு. ஆகவே, 'இது செத்துவிட்டது' என்று விரைந்து தீர்ப்புச் சொல்லி எறிந்துவிடுவது, உயிருள்ளதை எறிவதாக முடியலாம். உண்டோ இல்லையோ என்று ஐயம் எழும் இடத்தில் உயிர் உண்டு என்று கொண்டு நடப்பதே நம் மரபு. அம்மாணவியின் மகனிடம் அக்கிளைகளை எறியாதிருக்குமாறு சொன்னோம். ஏறத்தாழ ஓராண்டில் அவற்றுள் ஒன்று நிறம் பெற்று விரல் அகலம் வளர்ந்ததாகப் பின்னர் எழுதினார். மற்றொன்று பிழைக்கவில்லை.

கடலில் விட்டுவிடலாமா?

'சிறைவைத்ததே தவறெனில், பிழைத்த உயிர்களைக் கடலில் விட்டுவிடுவதன்றோ ஜீவதயை?' என்று நம் வாசகர்கள் கேட்கக்கூடும். கூண்டுப் பறவைகளையும் விலைக்கு வந்த மீன்களையும் வாங்கி விடுவிக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதன் பின்னுள்ள கருணை போற்றத்தக்கது. ஆனால் கருணைக்குக் கண் வேண்டும்.

இந்துமாக்கடலுக்கும் பசிபிக் கடலுக்கும் உரிய சிங்கமீன், நச்சு முட்களை உடையது. அது 1985-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையருகே அட்லாண்டிக் கடலில் முதன்முதலாகக் காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளில் வளர்த்தோர் கடலில் விட்டதே இதற்குக் காரணம் என்பது அறிஞர் கருத்து. அங்கே அதனை அடக்கும் இயற்கை எதிரிகள் போதிய அளவில் இல்லை. அது பெருகி, அவ்விடத்து மீன்களின் குஞ்சுகளை விழுங்கிக்கொண்டே பரவி, மேலே சொன்ன ஃபிளவர் கார்டன் திட்டுகளையும் 2011-இல் எட்டிற்று. தொட்டியில் பற்றிய நோயும் விடுவிக்கப்பட்ட மீனோடு கடலுக்குச் செல்லக்கூடும். ஓருயிரை விடுவித்த மனநிறைவு ஒருவருக்கு, அதன் துன்பம் கண்காணாத ஆயிரம் உயிர்களுக்கு என்றால், அந்த விடுதலையைத் தயை என்று சொல்ல நாம் தயங்குகிறோம். ஆசிரியப் பயிற்சியில் இயற்கைப் பாடம் கற்றபோது, குளத்தில் எடுத்த தலைப்பிரட்டையை அன்று மாலையே, எடுத்த குளத்திலேயே விடவேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தனர். எடுத்த இடம் என்னும் சொல்லில் எவ்வளவு பொருள் அடங்கியுள்ளது என்பது இப்போது விளங்குகிறது. எடுத்த இடத்திற்குத் திருப்ப இயலாத உயிரை, அதன் இறுதிநாள் வரை பேணுவதே கடன். தம்மால் இயலாவிடில், பேணத் தெரிந்தவரிடம் ஒப்படைக்கலாம்.

மீண்டும் நிரப்பலாமா?

இனி மூன்றாம் வினா. கடையில் விற்கும் கடல்மீன்கள் பெரும்பாலும் கடலிலிருந்து பிடிக்கப்படுபவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மீன்களை மயக்கிப் பிடிக்கும் தீயவழக்கம் 1960-களிலிருந்தே இருந்துவந்தது. அதனால் சுற்றியுள்ள பவளங்களும் மடிகின்றன. இறந்த ஒரு மீனுக்கு ஈடாக மற்றொன்றை வாங்குபவர், தம் தொட்டியில் நேர்ந்த மரணத்தைக் கடலில் மற்றொரு முறை நிகழ்த்தக் கூலி கொடுப்பவர் ஆகலாம். கோமாளி மீன் போன்ற சில இனங்கள் பண்ணைகளில் குஞ்சு பொரித்து வளர்க்கப்படுகின்றன. பவளங்களும் தொட்டியிலேயே கிளை ஒடித்து வளர்க்கப்படுவதுண்டு. இவற்றால் கடலுக்கு ஊறு குறைவு. எனினும், கண்ணாடிச் சுவர் சுவரே.

நம் நாட்டு வாசகர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பவளங்கள் 2001 முதல், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படுகின்றன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் எண்ணப்பட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பவளத்தைப் பல்லாண்டு வெட்டியெடுத்ததால் அவற்றுள் இரண்டு நீரில் அமிழ்ந்தன. அங்கே இன்று தூத்துக்குடி ஆய்வாளர்கள் பவளக் கிளைகளைக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். நம்மவர்க்குப் பவளத்தைக் காக்கும் ஆர்வம் இருப்பின், அதற்கேற்ற இடம் வீட்டுக்கூடம் அன்று.

டெக்ஸாஸில் வாழும் அக்குடும்பத்தாருக்கு நாம் கூறிய விடை இதுவே. பிழைத்தவற்றை முதலில் காத்திடுக. எதனால் மாண்டன என்பதை ஐயமின்றி எழுதிவைத்து, அதே காரணம் மறுமுறை வந்தால் தாங்குவதற்கான ஏற்பாட்டைச் செய்து முடிக்கும்வரை ஒரு புதிய உயிரையும் உள்ளே விடாதீர். கடலில் பிடித்த உயிரை எக்காலத்தும் வாங்காதீர். தனித்த மீன் வருந்துமென்று அதன் பெயரால் நம் ஆசையை நிறைவேற்றிக்கொள்ளாதீர். இப்போதிருப்பவை தம் ஆயுளை முடித்தபின், கண்ணாடி வெறுமையாக நிற்கட்டும் என்று விரதம் கொள்ள இயலுமாயின் அது மிகவும் நன்று.

இவ்விடையைக் கடுமை என்பாரும் உளர். அத்தொட்டியால்தான் அச்சிறுவன் உயிர்களை நேசிக்கக் கற்றான் என்று அவன் தாய் எழுதினார். அதனை நாம் மறுக்கவில்லை. ஆறாண்டுகளாக நாள் தவறாமல் நீரை அளந்து குறித்த பிள்ளை, நம்மிற் பலரினும் விழிப்புடையவன். ஆனால் நேசிக்கக் கற்ற ஒருவன் அடுத்துக் கற்க வேண்டிய பாடம், நேசிப்பதை உடைமையாக்கிக்கொள்ளாதிருத்தல் அன்றோ? அபரிக்கிரகம் பொன்னுக்கும் நிலத்திற்கும் மட்டும் உரிய விரதம் அன்று.

நம் இல்லங்களில் கடல்நீர்த் தொட்டி இராது. ஆனால் மாடும், கூண்டுக்கிளியும், வாசலில் நாள்தோறும் சோறிட்டுப் பழக்கிய நாயும், மாடியில் தொட்டிச்செடிகளும் உள்ளன. வெளியூர்ப் பயணம் புறப்படும்போது பூட்டைச் சரிபார்ப்பதுபோல், நம்மை நம்பி நிற்கும் உயிர்களுக்கு நாம் இல்லாத நாட்களில் நீரும் உணவும் யார் தருவர் என்பதையும் சரிபார்க்கிறோமா? இவ்வினாவை ஒவ்வொரு குடும்பமும் இன்றிரவே தமக்குள் கேட்டு விடை காணுமாக.